ஈயமலையிலிருந்து வந்த நான்கு கற்கள்

ஆஸ்திரியாவின் தெற்கு மலைகளில் உள்ள பிளைபெர்க் என்னும் பழைய காரீயச் சுரங்கத்தின் கற்கள் நான்கு அடங்கிய பெட்டி ஒன்றை, கனிம மாதிரிகள் விற்கும் இணையக் கடையில் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். கிருஷ்ணகிரியில் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாறைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். எவ்வளவு நாள்தான் சையத் பாஷா மலையையே காட்டிக்கொண்டிருப்பது?

பிளைபெர்க் என்ற ஜெர்மன் பெயருக்கே ஈயமலை என்றுதான் பொருள். 1333-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இடம்பெற்ற அந்தச் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டது. இடையில், 1951-இல், சுரங்கத்துக்குள் வெந்நீர் ஊற்று உடைத்துக்கொண்டது. பிற்பாடு அந்த நீரே ஊருக்கு வெந்நீர்க் குளியலால் பெயர் தேடித் தந்தது. ஒரு பிள்ளையின் தாயார் கல்லைப் பார்த்துவிட்டு, "ரசம் வைக்கிற ஈயமா சார்?" என்று கேட்டார். ஈயச் சொம்புக்குரியது வெள்ளீயம். இது நச்சுத்தன்மையுள்ள காரீயம். தொட்டால் கை கழுவ வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டாவது பெட்டியில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

அனுப்பிய விதமும் சரியில்லை. காரீயத் தாதுவான கலீனாவை ஒற்றைச் செய்தித்தாளில் சுற்றியிருந்ததால் அதன் மூலை வழியிலேயே உடைந்துவிட்டது. ஆனால் உடைந்த துணுக்குகள் எல்லாம் சுண்டைக்காய் அளவிலும் அதைவிடச் சிறியதாகவும் கனசதுரங்களாகவே கிடந்தன; முகங்கள் கண்ணாடிபோல் மின்னின. காரீய சல்பைடான கலீனா ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் பிளவுபடும் என்பதை நான் பலகையில் வரைந்து விளக்கியதைவிட இந்த விபத்து நன்றாக விளக்கிவிட்டது. பெரிய துண்டொன்றை எடைபோட்டோம்: 38 கிராம். அளவுச் சாடியில் நீர் 5 மில்லி ஏறியது. அப்படியானால் அடர்த்தி 7.6, நம் ஊர்க் கிரானைட்டுக்கு 2.7-ஐத் தாண்டுவதே அரிது. கிரானைட் பட்டறையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கியவுடன், "சார், இது கல்லு இல்ல, இரும்பு" என்றார்.

பெட்டியின் உண்மையான மதிப்பு கலீனாவின் அடியில் ஒட்டியிருந்த சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறையில்தான் இருக்கிறது. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டவுடன் அது நுரைத்தது. நம் மாவட்டத்தில் வயல்வெளிச் சுக்கான் கல்லையும் சாமல்பட்டிப் பக்கத்தில் உள்ள, கார்பனேட் நிறைந்த தீப்பாறையான கார்பனடைட்டையும் விட்டால் அப்படி நுரைக்கும் கல்லைக் காண்பது கடினம். நம் மலைகள் சுமார் 250 கோடி ஆண்டு வயதுடையவை. அந்தச் சுண்ணாம்புப் பாறையோ டிரயாசிக் காலத்துக் கடலில், ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தது. ஆனால் யுரேனியம் சிதைந்து காரீயமாகும் கணக்கை வைத்து வயது பார்த்தால், பிளைபெர்க் காரீயம் தன்னைத் தாங்கும் பாறையைவிட மூத்ததாகவே காட்டுகிறது. பழைய பாறைகளில் இருந்த காரீயத்தை உப்பு நீர் கரைத்துக்கொண்டு வந்து சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளில் சேர்த்தது என்பது அதன் பொருள். இப்படி வயது முந்திக் காட்டும் காரீயத்துக்கு நிலவியலில் பிளைபெர்க் வகை என்றே பெயர். தாங்கும் பாறையைச் செதுக்கி எறிந்துவிட்டு வெறும் பளபளப்பை விற்கும் கடைகளில் இந்தக் கதையைச் சொல்லக் கல் கிடைக்காது.

துத்தநாகத் தாதுவான ஸ்ஃபாலரைட் பழுப்பும் மஞ்சளுமாக வரிவரியாக இருந்தது, குறை சொல்வதற்கில்லை. வுல்ஃபனைட்தான் ஏமாற்றம். காரீயமும் மாலிப்டினமும் சேர்ந்த அந்த மஞ்சள் படிகம் பிளைபெர்க்கிலிருந்துதான் உலகுக்கு அறிமுகமானது. அரூர் வட்டாரத்துப் பாறைகளிலும் மாலிப்டினம் உண்டு என்பதால் பிள்ளைகளிடம் ஆவலாகச் சொல்லிவைத்திருந்தேன். வந்ததோ கடுகளவு. உருப்பெருக்கி இல்லாமல் அதன் சதுரத் தகடு வடிவம் தெரியவே இல்லை. நான்காவது கல், சுண்ணாம்புப் பாறையின் கனிமமான வெறும் கால்சைட். பெட்டியை நிரப்ப வைத்ததுபோல் இருக்கிறது.

கடைக்காரரிடம் எழுதிக் கேட்டபோது, கலீனாவைச் சுண்ணாம்புப் பாறையோடு தனியாகவும் தருவதாகச் சொன்னார். வாங்க நினைப்பவர்கள் அதையே கேளுங்கள். பஞ்சு வைத்துக் கட்டச் சொல்லவும் மறக்க வேண்டாம்.