போர்த் தழும்பு மாறாத ஜப்பானியத் தீவுகள்: ஓகுனோஷிமாவா, டோகாஷிகியா, சிச்சிஜிமாவா?

ஜப்பானில் போர் நடந்த தீவு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஐவோ ஜிமா. ஆனால் சுற்றுலாப் பயணிகள் அங்கே இறங்க முடியாது. 1944இல் வெளியேற்றப்பட்ட ஊர்மக்களே இன்னும் திரும்பிக் குடியேறவில்லை. தீவு முழுக்கத் தற்காப்புப் படை வசம் இருக்கிறது. ஆகவே, போகக்கூடிய மூன்று தீவுகளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

முதலில் பயண நேரம். சிச்சிஜிமா டோக்கியோவிலிருந்து தெற்கே சுமார் 1,000 கி.மீ. விமான நிலையம் கிடையாது. ஒகசவாரா மாரு கப்பலில் 24 மணி நேரம் போக வேண்டும். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கப்பல்தான் என்பதால் போய்வர ஆறு நாளாவது வேண்டும். டோகாஷிகிக்கு ஒகினாவாவின் நாஹா நகரிலிருந்து விரைவுப் படகில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஓகுனோஷிமாவுக்கு, ஹிரோஷிமா மாகாணத்தின் தடனோஉமி துறையிலிருந்து கால் மணி நேரம்.

கரைக்கு இவ்வளவு அருகில் இருந்தும் ஓகுனோஷிமாவை ஜப்பானிய ராணுவம் வரைபடத்திலிருந்தே நீக்கியது. 1929 முதல் 1945 வரை அங்கே நச்சுவாயுத் தொழிற்சாலை இயங்கியது. மஸ்டர்ட், லூயிசைட் உள்ளிட்ட வாயுக்கள் ஆயிரக்கணக்கான டன் உற்பத்தியாகின. கரையோர ரயில் அந்தப் பக்கம் போகும்போது ஜன்னல் திரைகளை இறக்கிவிட வேண்டும் என்பது உத்தரவு. அந்த வாயு சீனாவில் மனிதர்கள்மீது பயன்படுத்தப்பட்டது. போர் முடிந்தும் அது கொல்வதை நிறுத்தவில்லை: 2003இல் சீனாவின் சிச்சிஹார் நகரில், புதைந்து கிடந்த கலங்கள் கசிந்து ஒருவர் இறந்தார், நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஆலையில் வேலை செய்தவர்களும் பல்லாண்டுகள் நுரையீரல் நோயால் துன்பப்பட்டார்கள். அவர்களில் பள்ளி மாணவர்களும் உண்டு.

இன்று கூட்டம் வருவது முயல்களுக்காக. தீவெங்கும் நூற்றுக்கணக்கில் திரிகின்றன. முயல்களைப் பார்த்துவிட்டு அப்படியே படகேறுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 1988இல் திறந்த நச்சுவாயு அருங்காட்சியகம் மிகச் சிறியது; அதற்குள் முதலில் போங்கள். பிறகு பாழடைந்த மின்நிலையத்தையும் வாயுத் தொட்டிகள் இருந்த கான்கிரீட் அறைகளையும் பாருங்கள். முன்தினம் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவுக்குப் போயிருந்தால், இந்தத் தீவு மிக அவசியம். அணுகுண்டில் வெந்த மக்களின் வேதனைக்குப் பக்கத்திலேயே, அதே மாகாணத்தில், பிறர்மீது ஏவப்பட்ட கொடுமையின் சாட்சியும் நிற்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துத் திரும்புவது பாதிக் கதை.

டோகாஷிகியின் கதை வேறு. 1945 மார்ச் இறுதியில் அமெரிக்கப் படை இறங்கியதும், மலைமேல் கூடியிருந்த ஊர்மக்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மார்ச் 28 அன்று மாண்டார்கள். சரணடைவதைவிடச் சாவதே மேல் என்று ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள். கையெறி குண்டுகளைக் கொடுத்தது தங்கள் நாட்டு ராணுவமே. குண்டு வெடிக்காத இடங்களில் சொந்தக் குடும்பத்தையே தங்கள் கையால் கொன்றார்கள். இதில் ராணுவத்துக்கு இருந்த பங்கைப் பாடநூல்களிலிருந்து மழுப்ப 2007இல் முயற்சி நடந்தபோது ஒகினாவா கொந்தளித்தது. கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டுப் படையினரின் பாலியல் அடிமையாக்கப்பட்ட பே போங்-கி இருந்ததும் இந்தத் தீவில்தான். கடலோ கண்ணைப் பறிக்கும் நீலம். பலர் அஹாரென் கடற்கரையோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் மலைமேல் உள்ள அந்த இடத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

போர்க்கால எச்சங்களை நேரில் காண்பதுதான் நோக்கம் என்றால் சிச்சிஜிமாவுக்கு ஈடில்லை. அமெரிக்கப் படை அங்கே தரையிறங்கவே இல்லை. அதனால் காட்டுக்குள், குகைகளில், பீரங்கிகள் இருந்த இடத்திலேயே துருப்பிடித்து நிற்கின்றன. சகாய்உரா விரிகுடாவில் மூழ்கிய ஹின்கோ மாரு கப்பலைக் கரையிலிருந்தே காணலாம். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் ஓட்டிய விமானம் 1944 செப்டம்பர் 2 அன்று இங்கேதான் சுடப்பட்டது. அவரை ஒரு நீர்மூழ்கி காப்பாற்றியது. பிடிபட்ட வேறு விமானிகள் கொல்லப்பட்டார்கள். சிலரது உடலை ஜப்பானிய அதிகாரிகள் உண்டார்கள் என்பது, போருக்குப் பின் குவாம் தீவில் அமெரிக்கா நடத்திய போர்க்குற்ற விசாரணையில் வெளிவந்தது. இவற்றைத் தனியாகத் தேடிப் போகாதீர்கள், உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் என் தேர்வு ஓகுனோஷிமா. ஒகினாவா போகிறவர் டோகாஷிகியில் ஓரிரவு தங்கலாம். சிச்சிஜிமாவுக்குப் புயல் பருவத்தில் கிளம்பினால், டோக்கியோவிலிருந்து ஊர் திரும்பும் விமானச் சீட்டைக் கப்பல் அங்கே வந்துசேரும் நாளுக்கே போடாமல் சில நாட்கள் தள்ளிப் போடுங்கள்.