முழு ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம் என்பவரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள்

களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் பக்கத்தில் துபாய், ஷார்ஜா என்று பிள்ளைகளோடு இருந்துவிட்டு ஐப்பசி வாக்கில் ஊருக்கு வந்து பங்குனி வரை தங்குகிற பெரியவர்கள் நிறையப் பேர். என்ஆர்ஓ டெபாசிட் (வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியாவில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) வட்டியில் வங்கி பிடித்த வரியை ஒரு பைசா விடாமல் திருப்பி வாங்கித் தருவதாகச் சொல்லி இவர்களைச் சில ஏஜென்ட்கள் ஏமாற்றுகிறார்கள். பணம் உண்மையிலேயே கணக்கில் வந்துவிடும். அதனால்தான் பல மாதத்துக்குச் சந்தேகமே வராது.

அவர்கள் செய்வது இதுதான். என்ஆர்ஐயை (வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவரை) 'ரெசிடென்ட்', அதாவது இங்கே வசிப்பவர், என்று காட்டி ஐடிஆர்-1 என்ற வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்கிறார்கள். அந்தப் படிவம் என்ஆர்ஐக்கு உரியதே அல்ல, ஐடிஆர்-2தான் போட வேண்டும். குறைந்த வருமானக்காரரின் வரியை முழுதாகக் கழிக்கும் 87ஏ தள்ளுபடியும் ரெசிடென்டுக்கு மட்டும்தான். வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்தவர்கள் தரும் உறுதிமொழிப் படிவத்தை (2025-26 வரை 15எச்) வங்கியில் கொடுத்து வரிப் பிடித்தத்தையே நிறுத்தச் சொல்வதும் இதே ரகம். என்ஆர்ஐ அதைக் கொடுக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். 2025-26இல் வட்டி 7 லட்சம், இந்தியாவில் வேறு வருமானம் இல்லை. வங்கி 31.2% வீதம் 2,18,400 ரூபாய் பிடித்திருக்கும். புதிய வரிமுறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, என்ஆர்ஐக்கும் அப்படித்தான். மீதி 3 லட்சத்துக்கு 5%, செஸ் சேர்த்து 15,600. ஆக நேர்மையாக ஐடிஆர்-2 போட்டாலே 2,02,800 திரும்பி வரும். ஏஜென்ட் கூடுதலாக வாங்கித் தருவது வெறும் 15,600. அதற்கு ரீஃபண்டில் 10% கமிஷன் என்றால் 21,840 அவர் கைக்குப் போகிறது! பிடிபட்டால் வரியும் வட்டியும் நம் தலையில். தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் அந்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வேறு. வயதானவர்களின் அறியாமையை இப்படிக் காசாக்குவது பச்சைத் துரோகம்.

நாள் கணக்கிலும் தப்பான யோசனைதான் சொல்கிறார்கள். "ஆறு மாசத்துக்குள்ள திரும்பிட்டா போதும்" என்பது அமீரக விசாவுக்கான பேச்சு. 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் சாதாரண ரெசிடென்ஸ் விசா போய்விடும். வருமான வரிக்கு ஒரு தடவை தங்கிய காலம் கணக்கில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை இந்தியாவில் இருந்த எல்லா நாளும் கூடும். அக்டோபர் 1 வந்து மார்ச் 31 வரை இருந்தால் சரியாக 182 நாள், அதுதான் வரம்பு. அன்றே ரெசிடென்ட் ஆகிவிடுவீர்கள். அதற்கு முன் பேத்தி கல்யாணத்துக்கு மே மாதம் வந்துபோன பத்து நாளும் இதில் சேரும். வந்த நாள், போன நாள் இரண்டையும் எண்ணுவதே பாதுகாப்பு.

இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுகிறவர்களுக்கு இன்னும் இறுக்கம். 120 நாளே வரம்பு, முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இங்கே இருந்திருந்தால். நவம்பர் முதல் மார்ச் வரை வந்தாலே 151 நாள் ஆகிவிடுகிறது. இப்படி ஆகிறவர் 'நாட் ஆர்டினரிலி ரெசிடென்ட்' (ரெசிடென்ட்தான், ஆனால் முழு ரெசிடென்ட் அல்ல); வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்குப் பெரும்பாலும் இங்கே வரி வராது. ஆனால் படிவத்தில் அதைச் சரியாகக் குறிக்க வேண்டும்.

வீடு தமிழ்நாட்டில், வங்கிக் கணக்கு கேரளத்துப் பாறசாலையில், அதனால் துறைக்குத் தெரியாது என்று சொல்லும் ஆளையும் நம்ப வேண்டாம். பான் ஒன்றுதான். எந்த மாநிலக் கிளையில் வட்டி வந்தாலும் ஏஐஎஸ்ஸில் (வரித்துறை வைத்திருக்கும் உங்கள் வருமான விவரப் பட்டியலில்) ஏறிவிடும்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால் முதலில் இ-ஃபைலிங் தளத்தில் புரொஃபைலைத் திறந்து பாருங்கள். மொபைல் எண்ணும் ஈமெயிலும் பெரும்பாலும் ஏஜென்டுடையதாக இருக்கும். நோட்டீஸ் உங்களுக்கு வராததற்குக் காரணம் அதுதான். இரண்டையும் மாற்றி, பாஸ்வேர்டையும் மாற்றி, ரீஃபண்டுக்குக் குறித்த வங்கிக் கணக்கு உங்களுடையதுதானா என்று பாருங்கள். தாக்கல் செய்த படிவத்தை இறக்கி, ரெசிடென்ஷியல் ஸ்டேட்டஸ் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். தவறென்றால், திருத்திய ரிட்டர்ன் போடக் காலம் இருந்தால் அதைப் போடலாம். கடந்துவிட்டால் ஐடிஆர்-யு (கூடுதல் வரி கட்டித் தாமதமாகத் திருத்தும் படிவம்) இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 12 மாதத்துக்குள் போட்டால் வரி, வட்டியோடு அவற்றில் 25% கூடுதல். தள்ளிப்போடப் போட அது 50, 60, 70% என்று ஏறும். மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வருமுன் செய்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டு வரிப் பிடித்தமே குறைய வேண்டுமானால் அமீரகத்தின் வரி வசிப்பிடச் சான்றிதழை வாங்கி, வெளிநாட்டு வசிப்பிட விவரம் தரும் படிவத்தோடு (2025-26 வரை 10எஃப்) வங்கியில் கொடுங்கள். இந்தியா-அமீரக இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி வட்டிக்கு 12.5%தான். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த எல்லாப் பக்கத்தையும் நகலெடுத்து வையுங்கள், பழைய பாஸ்போர்ட் உட்பட.