புது டாட்டூவுக்கு எது நல்லது: ஒட்டுப்படலமா, சோப்பும் களிம்புமா, சும்மா விடுவதா?

டாட்டூ போட்டு முடித்ததும் ஒரு கலைஞர் "இந்தப் படலத்தை நாலு நாள் எடுக்காதீங்க" என்பார். இன்னொருவர் "வீட்டுக்குப் போனதும் பிரிச்சுக் கழுவிடுங்க, அப்புறம் களிம்பு தடவுங்க" என்பார். மூன்றாமவர் "எதையும் தடவாதீங்க, தானா ஆறும்" என்பார். மூவரும் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள். குழப்பம் முழுக்க நமக்குத்தான்.

ஊசி மேல்தோலைத் தாண்டி ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையை இறக்குகிறது. அங்கே மேக்ரோஃபேஜ் எனும் நோயெதிர்ப்பு செல்கள் மைத்துகள்களை விழுங்கிப் பிடித்துக்கொள்கின்றன. அவை இறந்தால், வெளிவரும் மையை அடுத்து வரும் செல்கள் விழுங்கிக்கொள்கின்றன. எலிகளின் தோலில் இப்படி நடப்பதை பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2018-ல் காட்டினார்கள். ஆகவே மையைப் பிடித்துவைக்கும் வேலையை உடல் பார்த்துக்கொள்ளும். நம் பொறுப்பில் இருப்பது மேலே திறந்து கிடக்கும் காயம். அது மூட இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், உள்ளே முழுவதுமாக ஆற சில மாதங்கள் பிடிக்கும்.

சும்மா விடுவதை முதலில் பார்த்துவிடலாம். காற்றுப் பட்டுக் காய்ந்தால்தான் புண் ஆறும் என்று பலரும் நம்புகிறோம். 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் உண்டாக்கி, சிலவற்றை பாலித்தீன் படலத்தால் மூடி, மற்றவற்றைத் திறந்தே விட்டார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காய்ந்த காயத்தில் புதிய செல்கள் பொருக்கின் அடியில் வழி தேடி நகர வேண்டும். ஈரப்பதம் இருந்தால் தடையில்லாமல் படரும். டாட்டூவில் இன்னொரு சிக்கலும் உண்டு. தடித்த பொருக்கு வெடித்தோ துணியில் மாட்டியோ பிய்ந்தால், அடியிலிருக்கும் மையும் கொஞ்சம் சேர்ந்து வந்துவிடும். ஆறியபின் அந்த இடம் வெளிறித் தெரியும். மெல்லிய கோடுகளால் ஆன சின்ன டாட்டூ என்றால் இந்த முறையிலும் நன்றாகவே ஆறலாம். பசை, களிம்பு எதுவுமே தோலுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதுதான் வழி. மற்றவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்.

'செகண்ட் ஸ்கின்' என்று விற்கப்படும் ஒட்டுப்படலம் மெல்லிய பாலியூரித்தேனால் ஆனது. நீராவியையும் ஆக்சிஜனையும் விடும்; தண்ணீரையும் கிருமியையும் தடுக்கும். சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடும் பிளாஸ்டிக் தாளை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தத் தாள் ஈரத்தை வெளியே விடாது. வீடு போய்ச் சேரும் வரை சில மணி நேரத்துக்கு மட்டும் சரி. இரவெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு தூங்கினால் தோல் ஊறி வெளுத்து, கிருமிக்கு வசதியாகிவிடும்.

படலத்தின் பெரிய பலம், நம் கையே காயத்தில் படாது என்பது. துணி உரசாது, படுக்கையில் ஒட்டாது, குளிக்கலாம், தூங்கலாம். முதல் நாளில் மையும் ரத்தமும் கசிநீரும் கலந்து அடியில் கறுப்பாகத் தேங்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது இயல்பு. அதனால்தான் பல கலைஞர்கள் முதல் படலத்தை ஒரு நாளில் எடுத்து, கழுவி, புதிதாக ஒன்று ஒட்டி, அதைச் சில நாள் விடச் சொல்கிறார்கள். எடுக்கும்போது மேல்நோக்கிப் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர் படவிட்டு, ஓரத்தைப் பிடித்துத் தோலோடு தோலாகப் பக்கவாட்டில் இழுத்தால் பசை தானே விடும்.

பலவீனங்களும் சின்னவை அல்ல. ஓரம் பிரிந்து கசிய ஆரம்பித்தால் அந்தப் படலத்தால் இனிப் பயனில்லை. உள்ளே அழுக்கு போகும், வெளியே வராது. மேலே இன்னொரு துண்டு ஒட்டிச் சமாளிக்காமல் மொத்தமாக எடுத்துவிட வேண்டும். முழங்கை, கணுக்கால், முடி அடர்ந்த இடங்களில் இப்படித்தான் அடிக்கடி நடக்கும். பசை ஒத்துக்கொள்ளாத தோலில், படலம் ஒட்டிய அளவுக்கே சதுரமாகச் சிவந்து, அரித்து, சிறு கொப்புளங்கள் வரும். தொற்று ஆரம்பித்தாலும் மேலிருந்து சரியாகத் தெரியாது.

சோப்பும் களிம்பும் என்றால் நிறைய வேலை, ஆனால் காயம் தினமும் கண்ணில் படும். எந்த உடல்பகுதிக்கும் பொருந்தும். முதலில் கையைக் கழுவிக்கொண்டு, வாசனை சேர்க்காத திரவ சோப்பை விரல் நுனியால் மெதுவாகத் தடவி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலச வேண்டும். நாளைக்கு இரண்டு முறை போதும். ஸ்பாஞ்ச், நார் எதுவும் வேண்டாம். புதிய டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். குளியல் துண்டில் பழைய ஈரமும் நூலும் இருக்கும். வழக்கமான கட்டி சோப்பின் காரத்தன்மை 9, 10 என்ற பிஎச் அளவில் இருக்கும். தோலோ 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை கொண்டது. அதனால் கட்டி சோப்பு வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் போன்றவற்றைத் தொடவே வேண்டாம். அவை கிருமியோடு புதிதாக வளரும் செல்லையும் சேர்த்துக் கொல்லும். எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைப்பது தவறு.

களிம்பில்தான் ஆளாளுக்கு ஒரு கட்சி. பெட்ரோலியம் ஜெல்லி மையை உறிஞ்சிவிடும் என்பதற்கு அடிப்படை இல்லை. மை இருக்கும் ஆழத்துக்கு அது போகாது. ஒவ்வாமை உண்டாக்குவதும் மிக அரிது. அப்பித் தடவுவதுதான் பிரச்சினை. பொருக்கு ஊறிப்போய் உரிந்துவிடும். டெக்ஸ்பான்தெனால் (வைட்டமின் பி5 வகைப் பொருள்) கலந்த களிம்பு லேசாகப் பரவும் என்பதால் அளவு மீறாமல் தடவுவது எளிது. எதுவானாலும் தடவியபின் தோல் பளபளவென்று மின்னினால் அளவு கூடிவிட்டது, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். ஆன்டிபயாடிக் களிம்பை "எதற்கும் இருக்கட்டும்" என்று போடுவதை நான் ஏற்கவில்லை. இத்தகைய களிம்புகள் பலவற்றில் இருக்கும் நியோமைசின் பலருக்கு ஒவ்வாமை தரும் மருந்து. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2010-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது அதைத்தான். தோல் செதில் செதிலாக உரியத் தொடங்கியதும் களிம்பை நிறுத்தி, வாசனையில்லாத லோஷனுக்கு மாறலாம். அரித்தால் மேலே லேசாகத் தட்டுங்கள், சொறியாதீர்கள்.

என் தேர்வு: தொடை, முதுகு, முன்கை போன்ற சமமான இடத்தில் நிறைய நிழலும் நிறமும் நிரப்பிய பெரிய டாட்டூ என்றால் முதல் சில நாள் படலம், பிறகு சோப்பும் லோஷனும். படலத்தைக் கலைஞரே சுத்தமான தோலில் ஒட்ட வேண்டும். மூட்டுகளில், சிறிய டாட்டூவில், பசை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முதல் நாளிலிருந்தே சோப்பும் மெல்லிய களிம்பும்.

குளம், கடல், நீச்சல் குளம் எதிலும் காயம் மூடும்வரை இறங்கக் கூடாது, படலம் இருந்தாலும்கூட. கல்லீரல் நோய் இருந்த 31 வயது மனிதர் ஒருவர், காலில் டாட்டூ போட்ட ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தி, விப்ரியோ வல்னிஃபிகஸ் எனும் கடல்நீர் பாக்டீரியாவின் தொற்றால் இறந்தது 2017-ல் மருத்துவ இதழில் பதிவானது. வெயிலுக்குத் தளர்வான துணியால் மூடுங்கள். முழுதாக ஆறிய பிறகே எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன்.

மூன்று நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினால், சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால் எந்த முறை சிறந்தது என்ற பேச்சே வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். 2011-12-ல் நியூயார்க் மாநிலத்தில், தயாரிப்பிலேயே மாசுபட்ட சாம்பல் நிற மையால் 19 பேருக்கு மைகோபாக்டீரியம் தொற்று வந்தது. எவ்வளவு கழுவியிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. இத்தகைய தொற்று சாதாரணக் களிம்புக்கு அடங்காது, மாதக்கணக்கில் மாத்திரை தேவைப்படும். அதனால் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது டாட்டூ போட்ட தேதியையும், பயன்படுத்திய மையின் பெயர், தொகுதி எண்ணையும் கலைஞரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.