இடுப்பு மூட்டுக் குருத்தெலும்பு: துளை மட்டும் போதுமா, மேலே சவ்வும் வேண்டுமா?

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் சுழலும் பந்து. எலும்பு மேடு ஒன்று அதில் இடிப்பதைக் கேம் வகை இடிப்பு என்பார்கள்: தொடையெலும்புப் பந்தின் கழுத்தோரம் இருக்கும் மேடு, காலை மடக்கும்போதெல்லாம் கிண்ணத்தின் முன்மேல் விளிம்பில் முட்டுகிறது. அங்குள்ள குருத்தெலும்பு தேய்வதோடு நிற்பதில்லை. ஓதம் ஏறிய சுவரில் பெயிண்ட் உப்பிக் கிளம்புவதுபோல அடியெலும்பை விட்டுக் கழன்று வருகிறது. அதனால் மேட்டைச் செதுக்கி எடுப்பதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் குருத்தெலும்பை மட்டும் ஒட்டுப்போட்டால், ஒட்டையும் அதே மேடு இடிக்கும்.

பிசியோதெரபியைச் சரியாகச் செய்து பார்த்த பிறகே கத்திக்குப் போக வேண்டும். 2018-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 348 பேரை ஒப்பிட்டபோது, ஓராண்டு முடிவில் ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு கீறல் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை) செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட ஓரளவு நன்றாக இருந்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களும் முன்னேறியிருந்தார்கள். நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசி வலியைக் குறைக்கலாம், உரிந்த இடத்தை மூடாது.

உள்ளே கேமரா விட்ட பிறகு மூன்று வழிகள். ஓரத்தில் ஆடும் துணுக்கைச் சீவிவிடுவது ஒன்று. எலும்பு வெளியே தெரியும் அளவுக்குப் போயிருந்தால் மைக்ரோஃப்ராக்சர்: சுண்ணாம்பேறிய அடுக்கைச் சுரண்டி, 3 முதல் 4 மி.மீ. இடைவெளியில் துளையிட்டு, மஜ்ஜை இரத்தத்தை வரவழைப்பது. மூன்றாவது, அதே துளைகளின் மேல் கொலாஜன் சவ்வை விரித்து ஃபைப்ரின் பசையால் ஒட்டுவது. 2 சதுர செ.மீ.க்கு மேல் முழு ஆழத்துக்குப் போன, சுற்றிலும் நல்ல விளிம்புள்ள குழி என்றால் என் ஓட்டு சவ்வுக்குத்தான்.

காரணம் இதுதான். துளையில் உறையும் இரத்தம் முதல் வாரங்களில் கூழ்போலத்தான் இருக்கும். பந்து உருளும்போது வழித்துக்கொண்டு போய்விடும். சவ்வு அதைப் பிடித்து வைக்கிறது, செல்கள் பற்றி வளர இடமும் தருகிறது. இரண்டிலும் வளர்வது பெரும்பாலும் நார்க்குருத்தெலும்புதான். பிறவியில் வந்த வழவழப்பு அப்படியே திரும்பாது. ஆனால் 2015-இல் வெளியான ஓர் இத்தாலிய ஒப்பீட்டில் முதலாண்டில் இரண்டும் சமமாக இருந்தன. பிறகு துளை மட்டும் போட்டவர்கள் மெல்லச் சரிந்தார்கள், சவ்வு வைத்தவர்கள் ஐந்தாண்டு வரை நிலைத்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல அது. இடுப்பைப் பொறுத்தவரை சான்றுகள் முழங்காலுக்கு உள்ள அளவுக்கு இல்லை.

சவ்வு கழன்றுவிடுவதும் உண்டு. குழியைவிடப் பெரிதாக வெட்டினால் ஓரம் மேலே நின்று பந்தில் மாட்டும். சற்றுச் சிறிதாக வெட்டி, சொரசொரப்புப் பக்கம் எலும்பைப் பார்க்க, மூட்டுக்குள் நீரை வடித்துவிட்டு வைக்க வேண்டும். மூட்டைத் திறக்கக் காலை இழுத்துப் பிடித்திருந்த இழுவையைத் தளர்த்தி, காலை நாலு பக்கமும் அசைத்த பின் மறுபடி கேமராவில் பார்ப்பது அவசியம்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது ஊன்றுகோல். சீவிவிடுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். துளைக்கும் சவ்வுக்கும் 6 முதல் 8 வாரம். அந்த விலையை எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம் என்றால், நீடிக்கிற வேலையைச் செய்துகொள்வதே நியாயம். அந்த வாரங்களில் பாதம் தரையில் படலாம், பாரம் 10 கிலோவைத் தாண்டக் கூடாது. வீட்டு எடை மெஷினில் அந்தக் காலை வைத்து அழுத்திப் பார்த்தால் 10 கிலோ எவ்வளவு குறைவு என்பது புரியும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் அறுவை செய்த காலும் முதலில். பெங்களூரு மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுனில் லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் இருப்பவர்கள் அந்த இரண்டு மாதம் கீழ்வீட்டுக்கு மாற முடியுமா என்று முன்கூட்டியே பாருங்கள். சம்மணம், குந்துதல், இந்தியன் டாய்லெட் மூன்றும் வேண்டாம். இடது இடுப்பு என்றால் சில்க் போர்டு நெரிசலில் கிளட்ச் மிதிக்கிற பேச்சே கூடாது. அசைவு மட்டும் நிற்கக் கூடாது: சீட்டை உயர்த்திய சைக்கிளில் பாரம் ஏற்றாமல் காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம். பாரமில்லாத அசைவுதான் புதுத் திசுவுக்குத் தீனி.

இந்த ஆறு முதல் எட்டு வாரத்தை ஒதுக்கவே முடியாது, வேலை போய்விடும் என்கிறவர் சீவிவிடுவதோடு நிறுத்திக்கொள்வதே மேல். துளை போட்டுவிட்டு மூன்றாம் வாரம் பி.எம்.டி.சி. பஸ்ஸில் நின்றுகொண்டு போவது, துளையே போடாததைவிட மோசம். எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி 2 மி.மீ.க்கும் குறைந்திருந்தால் மூன்றுமே வீண். அது மூட்டு மாற்றுப் பேச்சு.

சாதாரண எம்.ஆர்.ஐ.யில் கழன்ற குருத்தெலும்பு பல நேரம் தெரியாது. கேமரா போன பிறகுதான் அளவு புரியும். அதனால் ஒப்புதல் படிவத்தில் மூன்று வழிகளையும் எழுதச் சொல்லுங்கள். சவ்வு அன்றைக்குத் தியேட்டரில் இருக்குமா, பாக்கெட்டைத் திறக்காவிட்டால் அதற்குப் பில் வருமா, இன்சூரன்ஸ் முன்னனுமதியில் அதன் தொகை சேர்ந்திருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.