மெட்டல் பொம்மைகளை அனுப்பினேன், ரெசின் நகல்கள் திரும்பி வந்தன

கமிஷன் பெயின்டிங்குக்கு மினியேச்சர் அனுப்ப, அதாவது மேஜைமேல் ஆடும் போர் விளையாட்டின் குட்டிப் பொம்மைகளைக் காசு கொடுத்து வேறொருவரிடம் பெயின்ட் அடிக்கக் கொடுக்க நினைத்திருப்பவர்கள், அதிலும் தயாரிப்பு நின்றுபோன பழைய மெட்டல் செட் வைத்திருப்பவர்கள், பார்சல் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பெயின்ட் வேலை மோசம் என்பதோடு போயிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அனுப்பிய பொம்மை வேறு, திரும்பி வந்த பொம்மை வேறு. அது தெரியவே எனக்கு மூன்று வாரம் ஆனது.

என்னிடம் இருந்தது 28 மில்லிமீட்டர் அளவில் 22 அமெரிக்க ராணுவ வீரர்கள். ஆப்கானிஸ்தான், 2010-11 காலகட்டம். ஒன்பது ஒன்பது பேராக இரண்டு ஸ்க்வாட்: ஒரு ஸ்க்வாட் லீடர், நான்கு பேர் கொண்ட இரண்டு ஃபயர் டீம். அதுபோக மெஷின்கன்னோடு நான்கு பேர். எல்லாமே ஒயிட் மெட்டலில், அதாவது பெரும்பாலும் தகரமான ஓர் உலோகக் கலவையில் வார்த்தவை. அந்தச் செட் கடைக்கு வருவது நின்று பல வருஷம் ஆகிவிட்டது. நான் ஒன்றும் இரண்டுமாகத் தேடிச் சேர்த்தேன். சிலவற்றின் மேல் யாரோ அப்பியிருந்த பெயின்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் பையின் மடிப்பு மடிப்பாகத் தேய்த்து எடுத்தேன். ஒரு வீரனுக்கு இடது கை உடைந்திருந்தது. வேறொரு பொம்மையின் கையை வெட்டி, மணிக்கட்டில் பித்தளைக் கம்பி செருகி ஒட்டினேன். அந்தக் கையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நானே பெயின்ட் அடிக்கக் கூடியவன்தான். ஆனால் மல்டிகேம் என்ற உருமறைப்புச் சீருடை என்னை மடக்கிவிட்டது. அமெரிக்க ராணுவம் 2010இல் ஆப்கானிஸ்தான் போகும் படைகளுக்கு அந்தச் சீருடையைக் கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய யூசிபி என்பது சாம்பலும் வெளிறிய பச்சையுமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். பழைய உட்லேண்ட் சீருடையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தெளிவான விளிம்பு உண்டு, அதனால் வரைந்துவிடலாம். மல்டிகேமில் அந்த விளிம்பு இல்லை. காக்கி பச்சைக்குள் கரையும், பச்சை பழுப்புக்குள் கரையும், அதற்கு மேல் கரும்பழுப்பும் வெளிர் கிரீமும் சிறு தீற்றல்களாகப் படுத்துக் கிடக்கும். கட்டைவிரல் உயரப் பொம்மையில் அதை அப்படியே வரைய முடியாது. கண்ணுக்கு அந்த எண்ணம் வரவேண்டும், அவ்வளவுதான். காக்கி அடித்து, தண்ணீர்போல் நீர்த்த பச்சையைத் திட்டுத் திட்டாக விட்டு, காய்ந்ததும் ஊசிநுனிப் பிரஷால் பழுப்புத் தீற்றல், அதைவிடக் குறைவாகக் கிரீம். தீற்றல் எல்லாம் படுக்கைவாட்டில் போக வேண்டும். ஒன்று நட்டுக்குத்தலாகப் போனாலும் சிறுத்தைத் தோல்போல் ஆகிவிடும். ஒரு பொம்மைக்கு எனக்கு நான்கு இரவு ஆனது. கண் எரிச்சலோடு ஒன்றை முடித்தேன். மீதி 21 பேரைப் பார்த்ததும் மலைப்பாக இருந்தது.

அப்போதுதான் அந்த ஆள் கிடைத்தார். பெயர் சொல்லப்போவதில்லை. அவர் காட்டிய படங்களில் மல்டிகேம் அற்புதமாக இருந்தது. துப்பாக்கி வெறும் கறுப்பாக இல்லாமல் கருஞ்சாம்பலில் ஓரம் வெளுத்து, பூட்ஸில் தூசு படிந்து, உண்மையாகவே ரோந்து போய் வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். "அண்ணா, ரெண்டு மாசத்துல முடிச்சுத் தந்துடறேன். முழுத் தொகையும் போட்டுட்டீங்கன்னா வேற வேலை எதையும் நடுவுல எடுக்க மாட்டேன்" என்றார். பேபாலில் நண்பர்கள், குடும்பம் என்ற வகையில் அனுப்பச் சொன்னார், கட்டணம் மிச்சமாகும் என்று. அந்த வகையில் போகும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன். படங்கள் அப்படி இருந்தன.

நான் முடித்திருந்த ஒரு பொம்மையை நிறத்துக்கு மாதிரியாகப் படம் மட்டும் எடுத்து அனுப்பினேன். பொம்மை என்னிடமே இருந்தது. பிறகு எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி அதுதான். மற்ற 21க்கும் வேலை சுலபமாக இருக்கட்டும் என்று நானே சாம்பல் பிரைமர் (பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு) அடித்து, பஞ்சில் சுற்றி அனுப்பினேன். அந்தப் பிரைமர்தான் எனக்கு வினையாகப் போனது.

இரண்டு மாதம் ஏழு மாதம் ஆனது. நடுநடுவே படம் வரும். "பேஸ் கோட் முடிஞ்சுது அண்ணா", "வாஷ் போட்டாச்சு, காயுது". வாஷ் என்றால் பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட். எல்லாப் படமும் கிட்டத்தில் எடுத்த ஒற்றைப் பொம்மை. 21ஐயும் ஒன்றாக வைத்து ஒரு படம் கேட்டால் வெளிச்சம் சரியில்லை, போன் ரிப்பேர் என்று ஏதாவது பதில் வரும். பின்னாளில் அந்தப் படங்களைப் படத்தேடலில் போட்டுப் பார்த்தேன். இரண்டு படம் வேறு யாரோ பல வருஷத்துக்கு முன்பே போட்டவை. முதலிலேயே தேடியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

பார்சல் வந்த அன்று சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். கையில் எடுத்தால் கனமாகத்தான் இருந்தன. என் இரும்பு டிரேயில் வைத்தபோது அடியிலிருந்த காந்தம் 'டப்' என்று பிடித்துக்கொண்டது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: டிரேயில் விழாமல் நிற்க ஒவ்வொரு பேஸுக்கு (பொம்மை நிற்கும் அடித்தட்டு) அடியிலும் ஸ்டீல் வாஷரும் காந்தமும் வைத்திருக்கிறேன், அதற்குக் காசு வேண்டாம். நான் கேட்காமலே செய்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய் நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினேன்.

பெயின்ட் வேலை அவர் காட்டிய படத்துக்குப் பக்கத்தில்கூட நிற்கவில்லை. மல்டிகேம் என்ற பெயரில் மூன்று நிறத்தில் கெட்டியான திட்டுகள். மேலே பழுப்பு வாஷில் முக்கி எடுத்தது தெரிந்தது. முழங்காலுக்குப் பின்னாலும் அக்குளிலும் அது குளமாகத் தேங்கிக் காய்ந்திருந்தது. எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் வார்னிஷ் வேறு. மேகசின் பைகளின் மூடிகள் பெயின்டில் மூழ்கிவிட்டன. ஸ்கிர்மிஷ் ஆட்டத்தில் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. ஒவ்வொரு பொம்மையும் தனித்தனியாக நகர்கிறது, சுடுகிறது. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் யார் கையில் கிரனேட் லாஞ்சர், யார் கையில் எம்249 மெஷின்கன் என்று தெரிய வேண்டும். லாஞ்சர் எது, குழலின் கைப்பிடி எது என்று தெரியாத அளவுக்கு அங்கே பெயின்ட் மொத்தையாக இருந்தது. கேட்டேன். "டேபிள்டாப் தரம்தானே அண்ணா, மூணு அடி தள்ளிப் பார்த்தீங்கன்னா சூப்பரா இருக்கும்" என்றார். மனசு கேட்கவில்லை, ஆனாலும் சண்டை போடவில்லை. பெயின்டை எப்போது வேண்டுமானாலும் உரித்துவிடலாம், மெட்டல் எங்கே போய்விடும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் ஓர் ஆட்டம். மாடி வீட்டின் கூரை ஓரத்தில் நின்ற ரைபிள்மேன் சரிந்து மேஜையில் விழுந்தான். எம்4 துப்பாக்கியின் குழல் உடைந்து தெறித்தது. ஒயிட் மெட்டல் குழல் விழுந்தால் வளையும். விரலால் மெல்ல நிமிர்த்துவோம். பலமுறை நிமிர்த்தினால்தான் முறியும். இது பிஸ்கட்போல் ஒரே அடியில் போயிருந்தது. உடைந்த இடத்தை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தேன். மெட்டலாக இருந்தால் புது வெள்ளிபோல் மின்ன வேண்டும். உள்ளே மங்கலான பால்சாம்பல் நிறம். நடுவில் ஊசி குத்தியதுபோல் ஒரு காற்றுக் குமிழி. சுற்றி நகம் கனத்துக்குப் பெயின்ட்.

ஆட்டம் அதோடு நின்றது.

நான் முடித்து வைத்திருந்த பொம்மையும் அதே வார்ப்புதான், ஒரே நிலையில் நிற்கும் இரண்டு பேர். உடைந்தவனைப் பேஸிலிருந்து பெயர்த்து எடுத்து இரண்டையும் தனித்தனியாக எடைபோட்டேன். என்னுடையது 14 கிராம். அவர் அனுப்பியது 2 கிராம் சொச்சம். தகரம் ஒரு கன சென்டிமீட்டர் 7.3 கிராம், ரெசின் என்ற, அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக் 1.1, 1.2 கிராம்தான். கணக்கு அப்படியே பொருந்தியது. கையில் நான் உணர்ந்த கனம் முழுக்க வாஷரின் கனம். இலவசமாகச் செய்த உதவி என்று நான் நன்றி சொன்னது இதற்குத்தான்.

இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் ரெசின் ஒரு மயிரிழை குட்டை. சிலிக்கான் அச்செடுத்து அதில் ரெசின் ஊற்றும்போது கொஞ்சம் சுருங்கும். ஹெல்மெட்டின் முன்பக்கம் நைட் விஷன் மாட்டும் கொக்கி என் பொம்மையில் இரண்டு படியாகத் தெரியும். ரெசினில் அது வெறும் ஒரு பரு. தாடைக்கு அடியில் குமிழியைப் புட்டி வைத்து அடைத்திருந்தார்கள். அச்சின் இரண்டு பாதியும் விலகியதால் வந்த கோடு தோளிலிருந்து பூட்ஸ் வரை படியாக இறங்கியது. கெட்டிப் பெயின்டும் வாஷ் குளியலும் பளபள வார்னிஷும் சோம்பேறித்தனம் என்று முதலில் நினைத்திருந்தேன். இதையெல்லாம் மூடத்தான் அந்தப் பூச்சு. மற்ற 20ஐயும் பேஸ் பெயர்த்துக் காலடியில் கத்தியால் சுரண்டினேன். எல்லாமே வெள்ளைத் தூளாக உதிர்ந்தன. ஒன்றுகூட மின்னவில்லை.

அவரிடம் கேட்டேன். "நீங்க அனுப்பினதே ரெசின்தானே அண்ணா" என்றார். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அனுப்பும் முன் எடுத்த படங்கள் என்னிடம் இருந்தன. ஆனால் எல்லாவற்றிலும் என் சாம்பல் பிரைமர். அடியில் மெட்டலா ரெசினா என்று அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பார்சல் எடை எழுதிய ரசீது இருந்திருந்தால் அது பேசியிருக்கும். பொருள் திரும்பி வந்துவிட்டதே என்று அதைத் தூக்கிப் போட்டிருந்தேன். பேபாலில் புகார் கொடுக்க 180 நாள் கெடு உண்டு. அவர் இழுத்த ஏழு மாதத்தில் அதுவும் தாண்டிவிட்டது. சரியான வகையில் பணம் அனுப்பியிருந்தாலும் அந்த நேரத்தில் கதவு சாத்தியிருக்கும். தாமதம் தற்செயல் என்று இனி நான் நம்பத் தயாரில்லை. இரண்டு நாளில் என்னை பிளாக் செய்துவிட்டார்.

அந்த ஆள் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று நண்பர் கேட்டார். தயாரிப்பில் இல்லாத மெட்டல் பொம்மைக்குத் தேடி அலைகிற ஆட்கள் உண்டு, பெயின்ட் அடிக்காமல் இருந்தால் இன்னும் கிராக்கி. அசலை விற்கலாம், அச்சை வைத்து நகல் எடுத்துக்கொண்டே இருக்கலாம், நகலுக்குப் பெயின்ட் அடித்ததற்கு நானே கூலியும் கொடுத்துவிட்டேன். சிற்பம் செதுக்கியவருக்கும் இதில் ஒரு பைசா போகவில்லை.

இப்போது வேறொருவரிடம் நான்கு பொம்மை மட்டும் கொடுத்திருக்கிறேன். பிரைமர் அடிக்காமல், மெட்டல் பளிச்சென்று தெரிய, ஒவ்வொன்றையும் தராசின் மேல் வைத்து எண்ணோடு படம் எடுத்தேன். காலடியில் மெல்லிய டிரில்லால் ஒரு குழி போட்டேன், எங்கே என்று அவருக்குச் சொல்லவில்லை. பாதிப் பணம், அதுவும் பொருள் வாங்கும் வகையில். வேலை நடக்கும்போது அன்றைய தேதி எழுதிய காகிதத்தோடு நான்கையும் சேர்த்துப் படம் கேட்டேன். முகம் சுளிக்காமல் அன்றைக்கே அனுப்பினார். நேர்மையானவர்களுக்கு இது ஒரு தொந்தரவே இல்லை. ஏற்கெனவே உங்களிடம் திரும்பி வந்த பொம்மைகள் மேல் சந்தேகம் இருந்தால், உடைத்துப் பார்க்க வேண்டாம். பேஸைக் கழற்றிவிட்டுத்தான் எடை பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் லேசாகச் சுரண்டினாலே போதும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது; முகக்கவசம் போட்டு, ஈரம் வைத்துச் சுரண்டுங்கள்.

போன மாதம் ஒரு விற்பனைப் படம் கண்ணில் பட்டது. பெயின்ட் அடிக்காத மெட்டல், அதே செட், 'விற்றாகிவிட்டது' என்று போட்டிருந்தது. மூன்றாவது வரிசையில் மண்டியிட்ட எம்249காரன். இடது மணிக்கட்டில் ஒரு மஞ்சள் புள்ளி, நான் செருகிய பித்தளைக் கம்பி. அந்தக் கையின் கையுறை மட்டும் மற்றக் கையோடு பொருந்தாமல் விரல் வெட்டிய வகையாக இருக்கும்.

அவனை வாங்கியவர் இதைப் படிக்க நேர்ந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பொம்மையைத் திருப்பிக் கேட்க மாட்டேன். நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது, உங்களிடமே இருக்கட்டும். யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.