தாய்ப்பால் எடுத்துவைக்கக் கைப் பம்ப்பா, மின்சாரப் பம்ப்பா?

தனியார் வேலையில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு. அது முடியப்போகும் நேரத்தில் வரும் கேள்வி இது.

விலை: கைப் பம்ப் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும். மின்பம்ப் என்றால் ஆயிரங்கள்.

நேரம்: கையால் அழுத்தினால் ஒரு பக்கம் முடிந்துதான் மறுபக்கம், மணிக்கட்டும் வலிக்கும். இரட்டை மின்பம்ப்பில் இரண்டும் சேர்ந்து கால் மணி நேரத்தில் முடியும்.

சுத்தம்: கைப் பம்ப்பில் பாகங்கள் குறைவு. மின்பம்ப்பில் குழாய்க்குள் பால் ஏறாத மூடிய அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஏறினால் பூஞ்சை பிடிக்கும்.

எதை வாங்கினாலும் மார்பில் வைக்கும் புனலின் அளவு சரியாக இருக்க வேண்டும். காம்பு உரசிச் சிவந்தால் புனல் சின்னது. காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் நிறைய உள்ளே இழுபட்டால் பெரியது. கடையில் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை!

தினமும் அலுவலகம் போகிறவருக்கு மின்பம்ப். எப்போதாவது ஒரு கல்யாணத்துக்குப் போய்வர கைப் பம்ப்பே போதும். குழந்தை சரியாகப் பிடிக்காமல் வலிக்கிறதா? அப்படியென்றால் பம்ப் அப்புறம். முதலில் குழந்தையோடு தாய்ப்பால் ஆலோசகரையோ கிராம சுகாதார செவிலியரையோ பாருங்கள்.