உணவுக்குழாய்ப் புற்றுநோய்: ஆபரேஷனோடு கீமோ மட்டுமா, கரண்டும் சேர்த்தா?

அப்பாவுக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதியில் கட்டி. பயாப்ஸியில் அடினோகார்சினோமா (சுரப்பிச் செல்களில் தொடங்கும் புற்று வகை) என்று வந்தது. வேறெங்கும் பரவவில்லை. ஆபரேஷன் உண்டு, அதற்கு முன்னால் கட்டியைச் சுருக்க மருந்தும் உண்டு என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. கீமோ மட்டும் போதுமா, ரேடியேஷனும் (ஊரில் ‘கரண்ட் வைப்பது’) வேண்டுமா என்பதைத்தான் நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

கரண்டும் சேர்ந்த முறைக்கு கிராஸ் என்று பெயர், நெதர்லாந்திலிருந்து வந்தது. ஐந்து வாரம், வாரம் ஒரு கீமோ, மொத்தம் 23 தடவை ரேடியேஷன், பிறகு ஆபரேஷன். அதற்கப்புறம் கீமோ கிடையாது. இது சின்ன வசதியல்ல.

கீமோ மட்டும் உள்ள முறைக்கு ஃப்ளாட் என்று பெயர், அதில் கரண்ட் இல்லை. நான்கு மருந்துகள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஆபரேஷனுக்கு முன் 4, பின் 4. ஜெர்மனியில் அடினோகார்சினோமா உள்ள 438 பேரிடம் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட எசோபெக் ஆய்வு 2025இல் வெளியானது. நோயாளிகளில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் கிராஸில் 37 மாதம், ஃப்ளாட்டில் 66 மாதம். அதைப் பார்த்தபின் ஃப்ளாட்டைத் தேர்ந்தெடுக்க எங்களுக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் ஆபரேஷனுக்குப் பின் வரும் அந்த நான்கு கீமோவை உடம்பு தாங்குமா என்பதை முதலிலேயே யோசியுங்கள். இதே மருந்துகளை இரைப்பைப் புற்றில் சோதித்த பழைய ஆய்வில்கூட எட்டையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. அப்பாவுக்கு முதல் நான்கில் பெரிய தொல்லை, பச்சைத் தண்ணீரில் கை வைத்தாலே ஊசி குத்துவதுபோல் இருப்பது. சொம்பைத் துணி சுற்றித்தான் பிடிப்பார். ஆபரேஷனுக்கு அப்புறம் எடைதான் பிரச்சினை. 61 கிலோ 50க்கு வந்தது. இரைப்பையைக் குழாய்போல் ஆக்கி மேலே இழுத்துத் தைத்திருப்பதால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. சிறுகுடலில் வைத்த டியூப் வழியே இரவெல்லாம் சத்துப்பால் சொட்டும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் செலுத்திக் கழுவாவிட்டால் டியூப் அடைத்துக்கொள்ளும். அம்மா அலாரம் வைத்து எழுந்து கழுவினார். அந்த டியூபும் அம்மாவும் இல்லையென்றால் ஐந்தாவது கீமோவே நடந்திருக்காது. ஆறோடு டாக்டரே நிறுத்திவிட்டார். ஆக, வீட்டில் இரவு விழித்திருக்க ஆள் உண்டா என்பதும் இந்தத் தேர்வில் சேரும்.

இவ்வளவும் அடினோகார்சினோமாவுக்கு. நம் ஊரில் அதிகம் வருவது ஸ்குவாமஸ் வகை (உட்சுவரின் தட்டைச் செல்களில் தொடங்குவது). அதில் எங்களுக்கு அனுபவம் இல்லை. கிராஸ் ஆய்வில் அந்த வகைக்காரர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, வெட்டியெடுத்த பகுதியில் புற்றுச் செல்லே தென்படவில்லை. ஜப்பானில் அதே வகைக்கு மூன்று மருந்து கீமோ நன்றாக வேலை செய்திருக்கிறது. அதனால் பயாப்ஸி தாளில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். எங்கள் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்பா இப்போது 54 கிலோ. போன வாரம் டியூபை எடுத்துவிட்டார்கள்.